கோணிச் சாக்கில் இருந்த கிண்ணங்கள்

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொன்று எழுதி அனுப்புங்கள் என்று நம் டயட்டீஷியன் பெண் சொன்னாலும் சொன்னாள், நேற்றிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே சமையல் குறிப்பாக வந்து விழுகிறது. கேழ்வரகுப் பால், பாதாம் கஞ்சி, முருங்கைக்கீரை சூப். எழுதியவர்களில் ஒருவராவது அதைக் குடித்து முடித்தீர்களா என்று மட்டும் யாரும் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் அந்தச் சாய்வு நாற்காலிகளில் கையில் ஊசியோடு உங்கள் பக்கத்தில் கிடக்கிறவள்தான் நானும். யாருடைய டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்பது எனக்குத் தெரியும். என்னுடையதும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

எனக்குச் சமையல் குறிப்பு எழுத வராது. நம்மில் பாதிப் பேர் அறுபதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைத்துக்கொண்ட தலைமுறை. அதனால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும். எனக்குப் பத்து வயதில் வந்த ஒரு கோடை விடுமுறையைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கோடையில் என் அப்பாவுக்குப் பசி போய்விட்டது.

தி.நகரில் எங்களுக்குப் பாத்திரக் கடை இருந்தது. கீழே கடை, மேலே வீடு. அப்பாவும் சித்தப்பாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. உள்ளே நுழைந்தால் புது எவர்சில்வரின் எண்ணெய் வாசனையும், பாத்திரங்களைப் பொதிந்து வந்த வைக்கோலின் வாசனையும் கலந்து அடிக்கும். உத்தரத்திலிருந்து பெரிய தராசு ஒன்று தொங்கும். பித்தளை அண்டாவும் தவலையும் எடை போட்டு விற்கிற தராசு அது. தட்டு என்றால் சங்கிலியில் தொங்கும் மரப்பலகை, ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். மாடிப்படிக்குக் கீழே சாக்கை விரித்துப் பெயர் வெட்டுகிற பாய் உட்கார்ந்திருப்பார். சின்ன உளி, சின்னச் சுத்தியல், காதில் செருகிய பென்சில். டொக் டொக் என்று அவர் தட்டுகிற சத்தம் நின்றால்தான் கடையில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் பெயர் உண்டு. என் தம்ளரின் விளிம்பில் என் பெயர். அதில் வேறு யாரும் தண்ணீர் குடித்தால் நான் ஊரைக் கூட்டிவிடுவேன். பெயர் இருந்தால் அது அவருடைய பொருள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சட்டம். அப்பாவின் தட்டு வீட்டிலேயே பெரியது. அதில் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, தேங்காய்ப்பால் சொதியை ஊற்றுவாள் அம்மா. அப்பா வியர்க்க வியர்க்கச் சாப்பிடுவார். அவர் எழுந்த பிறகு அம்மா அதே தட்டில் போட்டுச் சாப்பிடுவாள். ஒரு நாளும் அதற்கு முன்னால் சாப்பிட்டதில்லை.

அந்த வருடம் பங்குனி உத்திரம் முடிந்த கையோடு அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது. இரைப்பையில் கட்டி. பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. "வயித்துல புண்ணு" என்றுதான் வந்தவர்களிடமெல்லாம் சொன்னோம். காயம் ஆறியது, தையல் பிரித்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி ஆறு வாரம் கழித்து ஊசி மருந்து தொடங்க வேண்டும், அதற்குள் இவர் எடை நாற்பது கிலோவுக்குக் கீழே போய்விட்டால் உடம்பு தாங்காது, ஊசி போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போடாவிட்டால் என்ன ஆகும் என்று சித்தப்பா கேட்டார். டாக்டர் அப்பாவின் தோளைத் தட்டினாராம்.

எடை பார்க்க எங்களுக்கு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கடையில் சூடம் காட்டி, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, சித்தப்பா அப்பாவை மாடியிலிருந்து முதுகில் சுமந்து இறக்கிக்கொண்டு வருவார். ஒரு பலகையில் அப்பா. எதிர்ப் பலகையில் இரண்டு இருபது கிலோ எடைக்கல்.

"துலாபாரம் மாதிரி இருக்குண்ணே," என்றார் சித்தப்பா முதல் வாரம். அப்பாவின் பலகை சட்டென்று இறங்கித் தரைக்கு ஒரு விரல் மேலே நின்றது. எல்லோரும் சிரித்தோம். இரண்டாவது வெள்ளிக்கிழமை அது யோசித்து யோசித்து இறங்கியது. மூன்றாவது வெள்ளிக்கிழமை இரண்டு பலகையும் நேருக்கு நேராக நின்றன. அப்பா எதிரே இருந்த எடைக்கற்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த மூன்று வாரத்தில் மேலே வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு உங்கள் வீடே கண்ணில் தெரியும். வேளா வேளைக்கு அம்மா அந்தப் பெரிய தட்டை நிறைத்துக் கொண்டுவந்து வைப்பாள். அப்பா அதைப் பார்ப்பார். பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ரெண்டு வாய் சாப்பிடுங்களேன். நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

"குத்தம் ஒண்ணுமில்ல. எதை வாயில வச்சாலும் ஈயம் போன பித்தளையில புளிக்கொழம்பு வச்சாப்ல இருக்கு."

பாத்திரக்காரருக்குப் பாத்திரத்தை விட்டால் வேறு உவமை எங்கே கிடைக்கும். ஆனால் அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். தன் சமையலறையில் ஈயம் போன பாத்திரம் இருக்கிறது என்று புருஷன் சொல்லிவிட்டார் என்று மனம் நொந்துபோய், வீட்டிலிருந்த அத்தனை பித்தளையையும் சித்தப்பாவிடம் கொடுத்து ஈயம் பூச அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து எல்லாம் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு வந்தன. புதிதாக ஈயம் பூசிய பாத்திரத்தில் ரசம் வைத்துக் கொடுத்தாள். அப்பா ஒரு வாய் குடித்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு, அம்மா திரும்பியதும் எழுந்து போய்க் குளியலறையில் வாந்தி எடுத்தார்.

அவர் சாப்பிடாததால் அம்மாவும் சாப்பிடவில்லை. அவர் எழுந்த தட்டில்தானே அவள் உட்கார வேண்டும். அது அவருக்குத் தெரியும். அவளுக்காக விழுங்குவார், விழுங்கியது திரும்பி வரும், அவள் அழுவாள். இரண்டு பேருமே மெலிந்தார்கள். ஒருவரை மட்டும்தான் தராசில் ஏற்றினோம்.

வந்து போன உறவுக்காரர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். மனசு வைத்தால் சாப்பிடலாமாம். சாப்பிட்டால்தான் உடம்பு தேறுமாம். அப்பா பிடிவாதக்காரராம். இதை நானும் நம்பினேன். அப்பா வேண்டுமென்றே அம்மாவை அழவைக்கிறார் என்று அவர் மீது எனக்குக் கோபம் கூட இருந்தது. நாற்பத்தெட்டு வருடம் கழித்து, என் வாயில் அதே பித்தளை ருசி வந்த அன்றைக்குத்தான் அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பசியை நாம் அணைப்பதில்லை. நோய் அதை அணைத்துவிட்டுத்தான் நமக்குள் குடி வருகிறது.

சரியாகச் சொன்னவர் ஒருவர் இருந்தார். மருத்துவமனையில் நோயாளிகளின் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்கிற ஒரு மயிலாப்பூர் மாமி. மூன்றாவது வாரம் மருந்து வாங்கப் போனபோது அம்மாவைப் பிடித்து உட்கார வைத்துப் பேசினார். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் கேட்டேன்.

"பசிக்கறதான்னு கேக்கவே கேக்காதீங்கோ. பசி வராது. கடிகாரத்தைப் பாத்துக் குடுங்கோ. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு கரண்டி. அதுல நெய், பால், பருப்புன்னு சத்தா இருக்கட்டும். சூடா வேண்டாம், வாசனை தூக்கும். பெரிய தட்டைக் காட்டினாலே அவருக்கு மலைப்பா இருக்கும். ஆத்துல எல்லாரும் சுத்தி நின்னுண்டு வாயைப் பாக்கப்படாது."

அம்மா தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஏறியதும் பொருமினாள்.

"ஒரு கரண்டியாம்ல. காக்காய்க்கா வைக்கேன்? ஆம்பளைக்குச் சோறு வைக்கிறது அப்படியா?"

அன்று சாயங்காலம் அதே தட்டு, அதே குவியல். ஒரு கரண்டி வைப்பது அவளுக்குக் கைவரவில்லை. கருமித்தனமாக, மரியாதைக் குறைவாக, இன்னும் மோசமாக, ஏதோ கைவிட்டுவிட்டது மாதிரி அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் பின்னால் சரக்கு அறையில் விளையாடிக்கொண்டிருந்தேன். விடுமுறையில் எனக்கு அதுதான் இடம். வைக்கோலைத் துழாவினால் பாத்திரங்கள் புதையல் மாதிரி கிடைக்கும். மூலையில் அண்டாக்களுக்குப் பின்னால் வாய் கட்டிய கோணிச் சாக்கு ஒன்று இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஒரே அளவில் குட்டிக் குட்டி எவர்சில்வர் கிண்ணங்கள். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. எடுத்துத் திருப்பினால் வயிற்றுப் பக்கத்தில் அப்பாவின் பெயர், இனிஷியலோடு. அடுத்ததை எடுத்தேன். அதிலும் அப்பா பெயர். சாக்கு முழுக்க அப்பா பெயர்.

எனக்கு ஒரே சந்தோஷம். மாமி சொன்னது சித்தப்பா காதுக்கு எட்டி, ஒரு கரண்டி கொள்கிற மாதிரி அப்பாவுக்கென்றே கிண்ணம் செய்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெயர் இருந்தால் அது அவருடைய பொருள்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மேலே ஓடி, தயிர்ச் சோற்றைக் கையாலேயே மசித்து, பானைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்திருந்த குளிர்ந்த பாலைக் கொஞ்சம் ஊற்றி, ஒரு கிண்ணத்தில் வைத்தேன். மேலே நார்த்தங்காய்த் துண்டு ஒன்று. ஜன்னலோரம் சாய்ந்திருந்த அப்பாவிடம் நீட்டினேன்.

"ஒங்க கிண்ணம்ப்பா."

வாங்கியவர் சோற்றைப் பார்க்கவில்லை. அவருடைய கட்டைவிரல் கிண்ணத்தின் வயிற்றில் இருந்த எழுத்தைத் தடவியது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயருக்கு மேலே ஒரு வரி வெற்றிடம். கீழே ஒரு வரி வெற்றிடம்.

அப்போது எனக்குத் தெரியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கு, இறந்தவர் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றைக் கொடுத்து அனுப்புவது உண்டு. வீட்டுப் பாத்திரத்துக்கு விளிம்பில்தான் பெயர். காரியத்துக்குக் கொடுக்கிற பாத்திரத்துக்கு வயிற்றில் மூன்று வரி. மேலே 'அமரர்', நடுவில் பெயர், கீழே தேதி. இருபது வருடமாகப் பாத்திரம் விற்கிற மனிதருக்கு இடைவெளியைப் பார்த்தாலே போதும்.

"ஏட்டி, இது எங்க இருந்துச்சு?"

"சரக்கு ரூம்ல, சாக்குல. சித்தப்பா ஒங்களுக்குச் செஞ்சு வச்சிருக்காங்க."

"எத்தனை இருக்கு?"

"ஒரு சாக்கு நெறைய."

அப்பா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் நார்த்தங்காய் பிடிக்கவில்லையோ என்று கவலையோடு நின்றேன். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். தையல் போட்ட இடத்தை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

"கெட்டிக்காரன்டி ஒஞ் சித்தப்பன். எதுக்கும் முந்தி ஏற்பாடு செஞ்சிருவான்," என்றார். பிறகு அந்த ஒரு கிண்ணம் சோற்றையும் மெதுவாக, நார்த்தங்காயை நக்கி நக்கி, சாப்பிட்டு முடித்தார். காலிக் கிண்ணத்தை ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்தார்.

"ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணுல கொண்டா. இதுல வேண்டாம், வேற எடு. அந்தச் சாக்குல ஒண்ணு விடாம அவ்வளவுலயும் நான் சாப்பிடணும்."

அவருக்குப் பசி வரவில்லை. அதை நான் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன், அந்தக் கோடை முடிகிற வரைக்கும் வரவில்லை. வீம்புதான் வந்தது.

இரண்டாவது கிண்ணத்தைக் கொடுத்தபோது அம்மா வந்துவிட்டாள். ஜன்னல் திண்டில் கவிழ்ந்திருந்ததைப் பார்த்தாள். கையில் எடுத்தாள். அவளும் பாத்திரக்காரர் பெண்டாட்டிதான். முகம் வெளுத்துவிட்டது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாயில் சோற்றோடு, பேசாமல் இரு என்று கையைக் காட்டினார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள். வியாபார நேரத்தில் அவள் கடைக்குள் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. பின்னாலேயே ஓடினேன். சித்தப்பா எழுந்து நின்றார். அம்மா கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்ததும் அவர் உட்காரவும் இல்லை, நிற்கவும் முடியவில்லை.

"மயினி, வைகாசி முகூர்த்தம் வந்துட்டா பாய்க்குச் சீர்ப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டவே நேரம் இருக்காது... அதான்... கடைசி நேரத்துல அண்ணனுக்கு ஒரு கொறையும் வந்திரக் கூடாதேன்னு..." என்று தொடங்கியவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

படிக்கு அடியிலிருந்து பாய் உளியைக் கீழே வைத்தார். "மொதலாளியம்மா, நான் பேரை மட்டும்தான் வெட்டிக்கீறேன். உசுரோட கீற மனுசனுக்கு மேலயும் கீழயும் எதுவும் வெட்ட மாட்டேன்னு அன்னைக்கே சொல்ட்டேன். சின்ன மொதலாளியும் சரின்னுட்டாரு."

அம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தம்பி, மிச்சத்தையும் மேல அனுப்புங்க. அவுக சாப்பிடணும்," என்றாள். அவ்வளவுதான். சித்தப்பாவே சாக்கை முதுகில் தூக்கிக்கொண்டு படியேறினார். அண்ணனை வாராவாரம் சுமந்து இறக்கிய அதே முதுகு. அவரை நான் இன்றைக்கு வரை வில்லனாக நினைக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். அண்ணனை வழியனுப்புவது நிறைவாக இருக்க வேண்டும் என்று நினைத்த மனிதர், இருக்க வைப்பது எப்படி என்று தெரியாமல் போய்விட்டார். எங்கள் யாருக்கும்தான் தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெரிய தட்டு பரணுக்குப் போனது. தாளிக்கிற வாசனை அப்பாவுக்கு ஆகவில்லை என்று அம்மா அடுப்பை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். கத்திரி வெயிலில் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கிண்ணத்தை நான்தான் கொண்டுபோவேன். ஆறிய பருப்புச் சாதத்தில் நெய். பாசிப்பருப்பும் வாழைப்பழமும் பாலும் மசித்தது. எள்ளும் கடலையும் பொடித்துத் தயிரில் கலந்தது. நுங்கு. எங்கள் சைவ வீட்டில் முட்டை படியேறியதும் அந்தக் கோடையில்தான். பாய் தன் வீட்டுக் கோழியின் முட்டைகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதைப் பாலில் அடித்தாள்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஒரு நாள் ஆசையாக வெல்லப் பாயசம் வைத்துக் கொடுத்து, அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டி மயக்கமே வந்துவிட்டது. பாதி வயிறு உள்ளவருக்கு இனிப்பை இப்படிக் கொட்டக் கூடாது என்று மாமி அம்மாவைத் திட்டினார். சில நாள் மூன்று கிண்ணம் உள்ளே போனால் இரண்டு வெளியே வந்தது. வெளியே வந்த கிண்ணத்தை அப்பா கணக்கில் சேர்க்க மாட்டார். கழுவி மறுபடியும் சாக்கில் போடச் சொல்வார்.

முதல் நாளே அம்மாவிடமும் சொல்லிவிட்டார். "எனக்கு ஒரு கிண்ணம்னா ஒனக்கும் ஒரு கிண்ணம். நீ மூணு வேளை பட்டினி கிடந்தா எனக்கு எறங்காது." அதிலிருந்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, சொப்பு வைத்து விளையாடுகிற பிள்ளைகள் மாதிரி, குட்டிக் கிண்ணத்தில் சாப்பிட்டார்கள். அவர் வாயை அவள் பார்க்கவில்லை. அவளுக்குத் தன் கிண்ணத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னல் திண்டு நிறைந்து, அலமாரித் தட்டு நிறைந்து, சுவரோரம் தரையில் வரிசை நீண்டது.

நான்காவது வெள்ளிக்கிழமை அப்பாவின் பலகை இறங்கியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஐந்தாவது வாரமும் இறங்கியது. ஆனால் அப்பா சந்தோஷப்பட்ட மாதிரியே தெரியவில்லை. இரண்டு தடவையும் கற்களைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா முதுகில் ஏறிக்கொண்டார். இந்த மனிதருக்கு எதைச் செய்தாலும் திருப்தியில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வெள்ளிக்கிழமைதான் கடைசி. அடுத்த நாள் டாக்டரிடம் போக வேண்டும். கடைக் கதவைப் பாதி திறந்து, சூடம் காட்டி, எல்லோரும் நின்றோம். பாய் கூடத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அப்பா பலகையில் உட்கார்ந்தார். சித்தப்பா வழக்கம்போல அவருக்குப் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார். பலகை இறங்கியது.

"எறங்கிட்டு," என்றார் சித்தப்பா.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே இருந்த கற்களையே பார்த்தபடி, "தம்பி, காலை எடு," என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கும்தான்.

"தராசுல உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியாதாலே? ரெண்டு வாரமா மிதிக்கே. எடுலே காலை."

அப்போதுதான் பார்த்தேன். பலகையின் பின் விளிம்பில் சித்தப்பாவின் வலது கால் கட்டைவிரல் அழுந்தியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் மனம் விட்டுவிடக் கூடாது என்று, ஒரு பக்கம் கிண்ணத்துக்குப் பெயர் வெட்டச் சொன்ன அதே மனிதர், இன்னொரு பக்கம் தராசை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டையும் ஒரே பாசம்தான் செய்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயது வேண்டியிருந்தது.

"அண்ணே, வேண்டாம்ணே," என்றார் சித்தப்பா.

"எடு."

சித்தப்பா காலை எடுத்தார்.

பலகை ஒரு தடவை மேலே வந்தது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிந்தது. மேலே வந்த பலகை அசைந்தது, நின்று யோசித்தது, பிறகு மெல்ல இறங்கித் தரைக்கு ஒரு விரல் மேலே நின்றது. அப்பா எதிரே தூக்கி நின்ற இரண்டு எடைக்கற்களையும் பார்த்தார். எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"மணி என்ன?" என்றார்.

"ஒம்பது," என்றார் பாய்.

"அப்ப எனக்கு அடுத்த கிண்ணத்துக்கு நேரமாச்சு."

ஊசி போட்டார்கள். அது வேறு கதை, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாற்காலியில் கிடக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாக்கைக் காலி செய்த மனிதர் பதினேழு வருடம் இருந்தார். என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். கடைசி வரைக்கும் ஒரு வேளைக்கு ஒரு கிண்ணத்துக்கு மேல் சாப்பிட்டதில்லை, ஒரு நாளைக்கு ஏழு வேளை சாப்பிட்டார். அவர் காலமானபோது அந்தக் கிண்ணங்களில் யாரும் எந்த எழுத்தையும் சேர்க்கவில்லை. கொடுக்கவும் முடியவில்லை. அதற்குள் அவை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும், என் பள்ளிக்கூடப் பைக்கும், பாய் வீட்டுக்குமாகப் போய்த் தொலைந்துபோயிருந்தன. கடை இருந்த இடத்தில் இப்போது பல மாடித் துணிக்கடை. தராசு பழைய இரும்புக்குப் போய்விட்டது.

என்னிடம் ஒரு கிண்ணம் தங்கியிருக்கிறது. திருவான்மியூர் வீட்டில் சமையலறை அலமாரியின் கடைசித் தட்டில், சோடா உப்பு போட்டு வைத்திருந்தேன். ஜனவரியில் எனக்கு நோய் என்று தெரிந்தபோது அதன் ஞாபகமே வரவில்லை. மார்ச்சில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு மூன்று வாரம் சத்துப் பால் கொடுத்தார்களே, அப்போது பார்க்க வந்தவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்கிற மாதிரி பார்த்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. குழாயும் ஒரு கிண்ணம்தான். உள்ளே போக வேண்டியது போக வேண்டும், அது எந்த வழியில் போனால் என்ன.

குழாயை எடுத்த பிறகு என் மகன் ஆரம்பித்தான். தரமணி ஆபீஸிலிருந்து மத்தியானம் ஓடி வந்து, பெரிய தட்டில் சோற்றைப் போட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வான்.

"கொஞ்சம் மனசு வச்சு சாப்பிடும்மா, ப்ளீஸ். நீ சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்."

அப்படியே என் அம்மா. அவளை அவன் பார்த்தது கூட இல்லை. அன்றைக்குத்தான் எழுந்து போய் அலமாரியைத் துழாவினேன். சோடா உப்பைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி அவன் முன்னால் வைத்தேன். இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய், இன்னொரு சின்னக் கிண்ணத்தில் தனக்கும் போட்டுக்கொண்டு வந்தான். இப்போது டிபன் பாக்ஸுக்குப் பதிலாக இந்தக் கிண்ணம்தான் என் பையில் வருகிறது.

போன வாரம் அதை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். பெயர் வெட்டுவதற்கு இப்போது மிஷின். கவுண்டரில் இருந்த பெண் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பழசு மாதிரி கீதே ஆண்ட்டி. இதுல இன்னா போடணும்?"

"இந்தப் பேருக்குக் கீழ என் பேரு."

அவள் அளந்து பார்த்தாள். "பக்கத்துல தேதியும் போட்லாம். எடம் கீது. போடட்டா?"

"வேண்டாம்மா. பேர் மட்டும் போதும்."

வியாழக்கிழமை எனக்கு எடை பார்க்கிறார்கள். இந்தத் தடவை இறங்கியிருக்கக் கூடாது, இறங்காமலிருந்தால்தான் அடுத்த மருந்து. எலெக்ட்ரானிக் மிஷின்தான். இருந்தாலும் போன தடவை ஏறி நின்றபோது, பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனின் காலை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன். தள்ளித்தான் இருந்தது.

இதை எழுதி முடிக்கிறபோது மணி பதினொன்று. எனக்குப் பசி கொஞ்சமும் இல்லை. உங்களுக்கும் இருக்காது. கிண்ணத்தில் ஆறிய பருப்புச் சாதமும் நெய்யும் இருக்கிறது, மேலே நார்த்தங்காய்த் துண்டு ஒன்று. நான் ஆரம்பிக்கிறேன். நீங்களும் போய் உங்கள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.